எங்கள் வீட்டில் துப்புகிறவர் யார் என்பது பற்றி

வோலோஸ், வியாழன்

மதிப்புக்குரிய குழந்தைகள் மனநல ஆலோசகர் திருமதி எவ்தோகியா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நன்றி. பிப்ரவரியில் என் மகள் மெல்போவை உங்களிடம் அழைத்து வந்தபோது, அந்த எட்டு வயதுக்காரி பள்ளியில் மூன்று நாற்காலிகளையும் ஒரு மீன் தொட்டியையும் உடைத்து முடித்திருந்தாள். நீங்களோ அவளை விட்டுவிட்டு என்னைக் குழந்தைகள் நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினீர்கள். (அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை.) கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், நல்லது செய்தால் அந்த நொடியே இன்னதென்று சொல்லிப் பாராட்டுங்கள் என்றீர்கள். நில அளவைத் துறையில் இருபத்தைந்து வருடமாக என்னை ஒருவரும் பாராட்டியதில்லை. எனக்கு அந்த வார்த்தைகளே வரவில்லை. இருந்தும் பழகினேன். "கதவை மெதுவா சாத்தினே பாரு, சபாஷ்டா கண்ணு!" ஏப்ரலுக்குள் நாற்காலி பறப்பது நின்றது. அது உங்கள் புண்ணியம்தான்.

ஆனால் துப்பல் ஆரம்பித்தது. வகுப்பில் பாடிய கோஸ்மாஸ் மேல் மூன்று தடவை, புது உடுப்பில் வந்த டீச்சர் மேல் மூன்று தடவை. பள்ளியிலிருந்து ஓலை வந்தது. நீங்கள் அமைதியாக, "வீட்ல யாராவது துப்புவாங்களா சார்?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "எங்க குடும்பத்தைப் பத்தி என்னம்மா நெனச்சீங்க? உங்க வைத்தியமே பித்தலாட்டம்!" என்று கத்திக் கதவை அறைந்துவிட்டு வந்தேன். மறுநாள் உங்கள் அலுவலகத்திலிருந்து போன்: மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் மெல்போவின் செவ்வாய் ஐந்து மணி வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். என் மனைவி, "உங்க ரோஷத்தையே கரைச்சுக் குடுங்க, கொழந்தைக்குக் கொணமாயிடும்" என்றாள்.

ஞாயிறு மதியம்தான் புரிந்தது. மெல்போ சூப்பைச் சிந்தாமல் கொண்டுவந்தாள். நான் பாராட்டினேன். உடனே கீழ்வீட்டிலிருந்து சாப்பிட வந்திருந்த என் தங்கை அஸ்பாசியா, கண் பட்டுவிடக் கூடாதென்று, குழந்தையைப் பார்த்து "தூ, தூ, தூ" என்றாள். ஒரு நாளைக்கு இருபது பாராட்டு; அறுபது துப்பல்!

"ஏண்டி கோஸ்மாஸ் மேல துப்பினே?"

"நல்லா பாடினான்ப்பா. கண்ணு பட்டுறக் கூடாதுல்ல? அத்தை துப்பினா பாசம், நான் துப்பினா வியாதியா?"

அடுத்த பிள்ளை நன்றாகப் பாடுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட இவள் எங்கே கற்றாள்? எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. உங்களிடம்தான் கற்றிருக்கிறாள். அந்தக் கதவுக்காக வருந்துகிறேன். அவளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உங்கள் பொறுமை குறையாதிருக்கட்டும்; உங்கள் வாசலுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் நன்றாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்

பி.கு.: அஸ்பாசியா தெசலோனிக்கிக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது; எங்களுக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. துப்பியது நான்தான். மெல்போ சொன்னதும் "அத்தை" அல்ல, "நீங்க". கண்ணேறெல்லாம் படிக்காதவர்களின் பயம் என்று காபிக் கடையில் மேசையைத் தட்டி வாதாடுகிறவன் இதன் கீழே பெயரை எழுத முடியுமா? கையெழுத்தில்லாமல் தபாலில் போடுகிறேன். செவ்வாய் ஐந்து மணிக்கு நாங்கள் வந்து நிற்கும்போது, எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.