மூச்சை அடக்கிய மூக்கு மகான்

அந்த ஊரில் பிளாஸ்டிக் பை கிடைக்காமல் போனதற்கு மூக்கு மகானே காரணம். காய்கறி வாங்கப் போனவர்கள் முந்தானையிலும் துண்டிலும் அள்ளி வந்தார்கள். பைகளெல்லாம் மண்ணைச் சுமந்துகொண்டு மகானின் வாசலில் வரிசை கட்டி நின்றன.

ஊரின் கிழக்குப் பக்கம் புதிய சாலைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு இருமல், காய்ச்சல், ஆளைச் சாய்க்கும் அசதி. ஆற்றுக்கு மேற்கே யாரும் தும்மக்கூட இல்லை.

"கிழக்கு மண்ணில் ஆவி குடியேறிவிட்டது" என்றார் மகான். அவரவர் வீட்டு மண்ணைக் கொண்டுபோனால் முகர்ந்து பார்த்து, ஆவியை ஏவியது யார் என்று சொல்லிவிடுவார். காணிக்கை தனி. பட்டம் வாங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் பையில் பெயர் ஒட்டியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

சாலை வேலையில் பொக்லைன் ஓட்டிய டிரைவரும் இருமிப் படுத்தார். பியூட்டி பார்லர் நடத்தும் அவர் மனைவி நேராக நுரையீரல் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"இது பூஞ்சைம்மா. எல்லா மண்ணுலயும் இருக்காது" என்றார் டாக்டர். "கிழக்கே வறண்ட மண்ணு. தோண்டினா தூசியோட கிளம்பி, காத்து அடிக்கிற பக்கம் போகும். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரக் களிமண்ணு, அங்க இது இல்ல. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

நிறுத்தியாயிற்று. மாமியார் ரகசியமாக மகானிடம் மண் கொண்டுபோயிருந்தாள். "உன் சின்ன மருமக வாசல்ல எதையோ புதைச்சிருக்கா. மாத்திரை உள்ள போனா ஆவிக்குக் கோபம் வரும்" என்று தீர்ப்பு. டிரைவரின் தம்பி மனைவியான சின்ன மருமகள் அழுதுகொண்டே பிறந்த வீட்டுக்குப் போனாள். மாத்திரை அரிசி டப்பாவுக்குள் போனது. டிரைவருக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறியது.

"அத்தை, இவர் பிழைக்க வேண்டாமா?" என்றாள் டிரைவரின் மனைவி.

"நீயே வந்து மகானைப் பாரு. அப்புறம் பேசு!"

பார்த்தாள். மகான் பையை மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார், "ம்ம்ம்" என்றார். கூட்டம் மெய்சிலிர்த்தது. அவளுக்குச் சிலிர்க்கவில்லை. பார்லரில் தலைக்கு ஸ்பிரே அடிக்கும்போது அவளுடைய வாடிக்கையாளர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்: கழுத்து விறைத்து, மார்பு அசையாமல். பையை அப்பால் வைத்த பிறகுதான் மகானுக்கு மூச்சே வந்தது. மனுஷன் முகரவே இல்லை!

மறுநாள் ஈரத்துணி கட்டிய வாளியோடு வந்து நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டு ஆவி பெரிசு, பைக்குள்ள அடங்கல. வாளியிலயே கொண்டாந்துட்டேன். அவர் தோண்டின இடத்து மண்ணு. மூச்சை அடக்காம, நல்லா இழுத்து மோந்து சொல்லுங்க."

மகானின் முகம் சுண்டியது. "வெச்சுட்டுப் போம்மா. அப்புறம் பார்க்கலாம்."

"இழுத்து மோந்து பாருங்க ஐயா!" என்று பக்தர்களே ஆரவாரம் செய்தார்கள். பக்தியில் இப்படியும் ஓர் ஆபத்து உண்டு.

அவள் வாளியை அவர் மூக்கடியில் கொண்டுபோய்த் துணியில் கைவைத்தாள். மகான் துள்ளி எழுந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் பாய்ந்தார்.

"எடும்மா தூர! தூசி நுரையீரலுக்குள்ள போனா பூஞ்சை பிடிச்சுக்கும்! மாசக்கணக்கா மாத்திரை திங்கணும்!"

இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். "பயப்படாதீங்க. இது ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் களிமண்ணு. ஊருக்கே குறி சொல்ற மூக்கு, இதைக் கண்டுபிடிக்கலையே?"

மாமியார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப என் மருமக என்னத்தைய்யா புதைச்சா?"

"அது... ஒரு குத்துமதிப்பா சொன்னதும்மா."

"ஒருவேளை ஆவி ஆத்தைத் தாண்டிடுச்சோ?" என்றார் பின்வரிசையில் ஒரு பட்டதாரி.

மாத்திரை அரிசியிலிருந்து வெளியே வந்தது. மாமியார் சின்ன மருமகளின் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். "மண்ணை மோந்து பார்த்துட்டு உள்ள வாங்க அத்தை" என்று வெகுநேரம் நிற்கவைத்துத்தான் கதவைத் திறந்தாள் அவள். டிரைவர் இளைத்துப்போனாலும் தேறிவிட்டார். இப்போது மண்ணை நனைத்த பிறகுதான் தோண்டுகிறார்கள். முகத்தில் மாஸ்க்கும் உண்டு.

மகான் அன்றே கம்பி நீட்டிவிட்டார். வேறோர் ஊரில் காதால் குறி சொல்வதாகக் கேள்வி. அங்கேயும் வரிசையாம். போகிறவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை நீட்டிப் பார்க்கலாம். கேள்வி இலவசம், அதனால்தானோ என்னவோ, அதை யாரும் தொடுவதே இல்லை.