அப்பீல் ராத்தா விலைமனுப் போட்ட கதை

எங்கள் கல்முனைக் கரையில், ஊருக்கே அக்காவான அப்பீல் ராத்தா எதிர்த்து முறையிடாதது கடல் காற்று ஒன்றைத்தான். மீன்காரனின் தராசு, பஸ்ஸில் கிடைத்த சீட், கல்யாண வீட்டில் கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் தன் பக்கம் விழுந்த எலும்பு, எல்லாவற்றுக்கும் அப்பீல்.

அப்படிப்பட்டவராலேயே அப்பீல் போட முடியாத அநியாயம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குச் சாப்பாடு வழங்க நான் வேலை பார்க்கும் அரசாங்கக் கந்தோர் வருடாவருடம் டெண்டர் என்கிற விலைமனு கோரும். அதைப் பெட்டியில் போடவேண்டும். பெட்டியைச் சுற்றி, ஒப்பந்தத்தை விடாமல் பிடித்துவைத்திருந்த பழைய கொந்தராத்துக்காரரின் ஆட்கள் நிற்பார்கள். நேரம் முடியும்வரை, இடியப்பம் அவித்து விற்கும் ராத்தாவை நெருங்கவே விடமாட்டார்கள். மேலிடத்தில் முறையிட்டால், "நீங்கள் விலைமனுவே போடவில்லை, பிறகெப்படி அப்பீல்?" என்று பதில் வரும். கிளார்க்கான எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"என்னோட இடியப்பம் அவிக்கிற பொம்புளையள்ற அடுப்பு எரியவேணாமா?" என்று கந்தோர் அதிரக் கேட்பார் ராத்தா.

பிறகு பெட்டி போய், எல்லாம் இணையத்தில் என்று அறிவித்தல் வந்தது. கொந்தராத்துக்காரர் மகனைக் கொண்டு தன் விலைமனுவை அனுப்பிவிட்டார். ஆனாலும் பழக்கதோஷம், கடைசி நாளில் ஆட்களையும் அனுப்பினார். அவர்கள் வந்து என் கம்பியூட்டரைச் சுற்றி நின்றார்கள். மவுஸைக்கூட என்னை அசைக்க விடவில்லை.

ராத்தா பிளாஸ்க்குடன் வந்தார். கைபேசியில் எல்லாம் நிரப்பி வைத்திருந்தார். வீட்டிலிருந்தே அனுப்பியிருக்கலாம்.

"என்னத்துக்கு ராத்தா இஞ்ச வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"இவனுகள்ற மூஞ்சப் பாத்துக்கிட்டுத்தான் போடுவன்."

அவர்கள் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார். அனுப்பும் நேரம் பார்த்து டேட்டா முடிந்துவிட்டது. ராத்தா பக்கத்தில் நின்ற தடியனிடம் திரும்பினார்.

"மனே, உன்ட ஹொட்ஸ்பொட்டக் கொஞ்சம் போட்டுத் தா. ஒரு அவசரம்."

பிளேன்டீ குடித்த நன்றியில் அவனும் போட்டுக் கொடுத்தான். விலைமனு போய்ச் சேர்ந்தது.

"போட்டுட்டன்டா! உன்ட டேட்டாவுலதான் போட்டன்!"

விலைமனுக்களைத் திரையில் திறந்தபோது ராத்தாவின் விலைதான் குறைவு. ஒப்பந்தமும் அவருக்கே. கொந்தராத்துக்காரர் பாய்ந்து வந்து, தான் அப்பீல் போடப்போவதாகக் கத்தினார்.

"போடுங்க காக்கா," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார் ராத்தா. "எழுதத் தெரியாட்டி வாங்க, நான் செல்லித் தாறன்."

அந்த அப்பீல் எடுபடவில்லை. போன மாதம் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தேன். ராத்தாவின் இடியப்பம் வந்தது. தேங்காய்ப்பால் சொதியில் உப்புக் கூடிப்போயிருந்தது. ஒரு முறைப்பாடும் சொல்லாமல் வழித்துச் சாப்பிட்டேன்.