பதினான்காம் பல்

ஒரு காட்டில், பல் இல்லாதவர்கள் எல்லாம் சேர்ந்து பல் சுத்தம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தார்கள். மாணவர்கள் அத்தனை பேரும் பறவைகள். பேராசிரியர் ஓர் ஆமை. அவருக்கும் பல் கிடையாது. அதனால் எந்தப் பல்லின் பக்கமும் சாயாமல் பாடம் நடத்துவார் என்று நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

நோயாளிகள் முதலைகள். பல்லை நம்பிப் பிழைப்பவர்கள் காட்டில் இன்னும் பலர் உண்டு. ஆனால் வாயைத் திறந்துபோட்டு மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கும் பொறுமை முதலைகளுக்குத்தான் இருந்தது.

நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் மாணவர்கள் அடிப்படை அறிவுத் தேர்வில் தேற வேண்டும். அறுபத்தாறு பல்லுக்கும் எண் சொல்ல வேண்டும். ஈறு இருக்க வேண்டிய நிறத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். பல்லில் ஒட்டியிருப்பது நேற்றைய மீனா, போன வருஷத்துக் காரையா என்று பிரித்தறிய வேண்டும். அலகை மூன்று முறை கழுவ வேண்டும். கழுவிய அலகால் சிறகைக் கோதக் கூடாது. பெரும்பாலானவர்கள் தோற்றது இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

பழகிப் பார்க்க ஆற்றோரம் ஒரு மண்டையோடு இருந்தது. என்றைக்கோ செத்துப்போன முதலையுடையது. தாடை விழுந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு மூங்கில் குச்சியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் சேர்ந்தவர்களில் பவளக்கொடி என்றொரு ஆட்காட்டிப் பறவையும் இருந்தாள். முதல் நாளே எழுந்து நின்று கேட்டாள்.

"ஐயா, இந்த வாய் மூடுமா?"

"மூடாது. குச்சி இருக்கு," என்றார் ஆமை.

"நோயாளியோட வாய்?"

"அது ரெண்டாம் வருஷப் பாடம்."

"நோயாளியைப் பாக்குறது முதல் வருஷத்துலயே வருதே, ஐயா?"

"வருது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பாடத்திட்டம் மேலேருந்து வருது."

இரண்டாம் வருஷ வகுப்பறை நல்ல காற்றோட்டமான இடம். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து காலியாகவே இருந்தது.

பவளக்கொடிக்கு இந்தப் படிப்பு பொழுதுபோக்கு அல்ல. ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. ஆற்றங்கரைச் சரளையில்தான் முட்டையிடும். வெயில் காய வரும் முதலைகள் அதைப் பார்த்து நடப்பதில்லை. போன வருஷம் அவளுடைய மூன்று முட்டைகள் ஒரே வயிற்றின் கீழ் நசுங்கின. கல்லூரிச் சான்றிதழ் பெற்ற பறவையின் முட்டைகளை மட்டும் முதலைகள் சுற்றிக்கொண்டு போகும் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்த வருஷம் சரளையில் நான்கு முட்டைகள் இருந்தன.

அவள் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாள். அவளோடு தேறிய இன்னொருவன் வேலப்பன் என்ற வாலாட்டிக் குருவி. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவன். ஆனால் நல்லவன். அவள் முட்டைமேல் உட்கார்ந்திருந்த நாட்களில் பாடத்தை வந்து ஒப்பித்துவிட்டுப் போவான்.

இருவருக்கும் முதல் நோயாளியாக வந்தவர் மடுமுத்து. பெரிய முதலை. கீழ்வரிசை இடப்பக்கம் பதினான்காம் பல்லின் அடியில் ஒரு மீன்முள் ஏறி, நான்கு நாளாக அன்னம் தண்ணீர் இறங்கவில்லை. கரையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார்.

பவளக்கொடி தேக்கிலைப் படிவத்தை விரித்தாள். நாற்பத்திரண்டு கேள்விகள்.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லைங்க, மாணவி. பிரஷர்?"

"வலி உயிர் போகுது, டாக்டரம்மா."

"அதுக்குத் தனியா கேள்வி வரும். குடும்பத்துல யாருக்காவது பல் ஆடியிருக்கா?"

வேலப்பனுக்குக் கால் பரபரத்தது. "அக்கா, நீங்க எழுதிட்டிருங்க. அதுக்குள்ள நான் அந்த முள்ளை எடுத்துடறேன். பாவம், மனுஷன் எவ்ளோ நேரம் தாங்குவாரு," என்றான்.

"தம்பி, இன்னும் இருபத்தாறு கேள்வி இருக்கு."

"முள்ளு இருக்குற இடம் தெரியுது. கேள்வி எதுக்கு?"

அவன் அலகை மூன்று முறை கழுவினான். அதில் குறையே சொல்ல முடியாது. உள்ளே தாவி, பதினான்காம் பல்லைச் சரியாகக் கண்டுபிடித்து, முள்ளைப் பிடித்து இழுத்தான். முள் பாதி வெளியே வந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக மடுமுத்துவுக்கு வலி குறைந்தது.

"அப்பாடா," என்று மடுமுத்து வாயை மூடினார்.

மூடிய வேகத்தில் முள் பழையபடி உள்ளே ஏறியது. அலறிக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தார். உள்ளே அறுபத்தாறு பல்லும் இருந்தன. வேலப்பன் இல்லை.

பவளக்கொடி அழுதாள். படிவத்தின் மேல் இரண்டு சொட்டு விழுந்தது. மடுமுத்துவுக்கும் சங்கடமாக இருந்தது.

"வேணும்னு பண்ணல, டாக்டரம்மா. சொகமா இருந்துச்சா, தானா மூடிக்கிச்சு."

அவளுக்குப் பறந்துவிட வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சரளையில் நான்கு முட்டைகள் வெயிலில் கிடந்தன. அவள் படிவத்தைத் துடைத்துவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தாள். படித்தவர்கள் அப்படித்தான்.

"கடைசியா எப்ப சாப்டீங்க?"

மடுமுத்து பார்வையை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்பத்தான்," என்றார்.

"என்ன சாப்டீங்க?"

"அதையும் எழுதணுமா?"

"படிவத்துல இடம் இருக்குங்க."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கடந்தார்கள். முப்பத்தொன்றாம் கேள்வியில் பவளக்கொடி நின்றாள்.

"வாய் மூடும்போது வலிக்குதா?"

"மூடினாத்தான் பொறுக்க முடியாத வலி. தெறந்து வெச்சிருந்தா கொஞ்சம் தாங்கலாம். இந்த முள்ளு இருக்குற வரைக்கும் நான் வாய மூட மாட்டேன், சத்தியம்."

பவளக்கொடி அந்தப் பதிலை இரண்டு முறை வாசித்தாள். பிறகு ஆற்றோரத்து மண்டையோட்டையும் அதன் மூங்கில் குச்சியையும் பார்த்தாள். இரண்டாம் வருஷப் பாடம் முழுவதும் அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் அலகைக் கழுவி உள்ளே போனாள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பல்லாக, அறுபத்தைந்து பல்லையும் பளபளவென்று சுத்தம் செய்தாள். ஓரிடத்தில் ஒரு சின்ன வால் இறகு சிக்கியிருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். வெளியே வந்து படிவத்தில் கையெழுத்துக்கு இடம் காட்டினாள்.

"பதினாலாவது?" என்றார் மடுமுத்து.

"அது கொஞ்சம் ஆழமா இருக்குங்க. அடுத்த சிட்டிங்ல பாப்போம்."

"வலி இருக்கே."

"இருக்கத்தான் செய்யும். அது ஆறும்போது வர்ற வலி."

மடுமுத்து கண் கலங்க நன்றி சொன்னார். பசி தெரியாமல் இருக்க அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளச் சொல்லி, அதையும் எழுதிக் கொடுத்தாள். சான்றிதழ் வந்தது. நான்கு முட்டையும் பொரிந்தன. மெலிந்துபோன மடுமுத்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் குஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு போனார். ஆறு சிட்டிங் ஆன பிறகும், இந்த அம்மாவுக்கு நல்ல கைராசி என்றுதான் போகிற வருகிற முதலைகளிடம் சொன்னார்.

அவர்களும் வந்தார்கள். சிலர் வலியே இல்லாமல் வந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பவளக்கொடி முதலில் ஒரு சின்ன முள்ளைப் பதினான்காம் பல்லின் அடியில் வைத்துவிட்டு, அதன்பிறகு வேலையைத் தொடங்கினாள். கல்லூரி அதை அடிப்படை அறிவில் முதல் பாடமாகச் சேர்த்தது. அடுத்த வருஷம் இரண்டாம் வருஷ வகுப்பறையில் உட்கார இடம் போதவில்லை. சுவரில் வேலப்பனின் வால் இறகைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே, 'நோயாளியை முழுமையாகக் குணப்படுத்த முயன்றவர்' என்று எழுதியிருந்தது.

நீதி: அறுபத்தைந்து பல்லைச் சுத்தம் செய்பவர் மருத்துவர். அறுபத்தாறாவதையும் தொடுபவர் உணவு.