மஞ்சள் ஊசிப் படலம்

வாழ்க, வெண்ணங்கி வேந்தன்! ஐந்தாண்டுக் காலம் தடித்தடியான ஏடுகளை உண்டு தேர்வுத்தாள்களில் ஏப்பம் விட்டவன். ரப்பர் பொம்மையின் கையில் நூறு முறை ஊசியேற்றி ஒருமுறையேனும் அதை அழவிடாத அருளாளன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வாகைமாலையெனப் பூண்டவன். நடக்கையில் அங்கி பறக்க வேண்டும் என்பதற்காகவே பொத்தானைத் துறந்தவன். குழந்தைகள் வார்டில் பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாளே பெரிய டாக்டரின் இருமலைக் கற்றுத் தேர்ந்தவன். அன்னவன் புகழ் பாடப் புகுந்தோம். பொறுத்தருள்க, பாட அதிகமில்லை.

எதிர்நின்ற பகை யாதெனின், மூன்று வயதுப் பாப்பா. முந்தைய நாள் முதல் வாந்தியும் பேதியுமாய் உதடு உலர்ந்து, கண் குழிந்து, குடித்த தண்ணீரையெல்லாம் திருப்பித் தந்துவிட்டுத் தாயின் மடியில் சுருண்டு கிடந்தாள். அவளுக்கு உடனே ட்ரிப் ஏற்றியாக வேண்டும். அதற்குக் குழந்தைகளுக்கென்றே உள்ள மஞ்சள் ஊசியால் ஒரு மெல்லிய குழாயை நரம்பில் நுழைத்தாக வேண்டும். ஒரு டாக்டருக்கு இரண்டு குத்து, அதற்குமேல் ஆள் மாற வேண்டும் என்பது அந்த வார்டின் சட்டம். இருபது வருடமாக இதையே செய்துவரும் சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். கூப்பிடுவானா நம் கோமகன்?

"நீங்க கவலையே படாதீங்கம்மா! எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!" என்று எண்திசையும் அதிர முழங்கினான்.

இடக்கையில் நிகழ்ந்தது முதற்போர். ரப்பர் பட்டையால் கையை இறுக்கி, தட்டி, தடவி, குத்தி, துழாவி, வெறுங்கையனாய் மீண்டான். பாப்பாவின் அலறலில் பக்கத்துக் கட்டில்காரனும் பயந்து அழத் தொடங்கினான். விளக்கில் வெளிச்சம் போதாதாம், தாய் அசைந்துவிட்டாளாம், நரம்பு நூலளவாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அடுத்துத் தொடங்கியது வலக்கைப் பெரும்போர். பட்டையைப் புஜத்தில் வரிந்து கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் களம் துடைத்து, உறையினின்று வாளுருவும் மன்னனென மஞ்சள் ஊசியை உருவி, மூச்சடக்கி, கண் சுருக்கி, நாக்கின் நுனியை உதட்டோரம் நீட்டி அவன் பாய்ச்சிய அக்கணத்தில், ஊசியின் பின்முனையில் எட்டிப் பார்த்தது ஒரு துளி செந்நீர்! "கெடச்சிருச்சு!" என்று அவன் கர்ஜித்ததில் வார்டே திரும்பிப் பார்த்தது. உடனே தன் வெற்றிக்குத் தானே தோரணம் கட்டலானான். ட்ரே விளிம்பில் வெட்டி ஒட்டி வைத்திருந்த பிளாஸ்திரித் துண்டுகளைக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, அழகுக்கு இரண்டு என ஒட்டி ஒட்டி மகிழ்ந்தான்.

"கை இறுக்குது! அவுத்து விடு! அவுத்து விடு!" என்று பாப்பா கதறினாள்.

"குழந்தைங்க அப்படித்தாம்மா சொல்லும்" என்று வீரன் தாய்க்கு மொழிந்தருளினான். தாயின் கண்ணும் பட்டையில்தான் இருந்தது. டாக்டருக்குத் தெரியாததா என்று அவள் வாய் திறக்கவில்லை.

பின் சிரிஞ்சில் உப்புநீர் எடுத்துக் குழாய் வழியே செலுத்தினான். போகவில்லை. வீரனல்லவா, இன்னும் பலமாக அழுத்தினான். எலுமிச்சம்பழம் போலப் புடைத்தது அந்தப் பிஞ்சுப் புறங்கை.

சிஸ்டர் வந்தார். ஒரு பார்வைதான். "பட்டையை யாரு டாக்டர் அவுக்குறது?" என்று கேட்டபடியே அவிழ்த்தார், குழாயையும் உருவிப் போட்டார். ஊசி ஏறியதும் பட்டையை அவிழ்க்காமல் தண்ணீர் செலுத்தினால் நரம்பு உடையும் என்பது முதல்நாள் பாடம். அந்நரம்பின் பெயரை லத்தீனில் சொல்ல வல்லவனுக்கு இது மறந்துவிட்டது. அந்த அறையில் அதைச் சரியாகச் சொன்னவள் ஒருத்திதான், அவளையும் அடம் என்று தள்ளிவிட்டான். எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான்.

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ், சிஸ்டர்..." என்று எழுந்தது வீரனின் இறுதி முழக்கம்.

"வேணாம் சார், அவங்களே போடட்டும்" என்றாள் தாய். அவ்வளவுதான், நால்வகைப் படையும் சாய்ந்தது.

சிஸ்டர் காலில் நரம்பு தேடி, ஒரே குத்தில் ஏற்றி, முதல் வேலையாகப் பட்டையை அவிழ்த்தார். ட்ரிப் சொட்டத் தொடங்கியது. பின்னர் அவர் வீரனை ஏறிட்டு, "பாப்பாகிட்ட ஸாரி சொல்லிட்டுப் போங்க" என்று ஆணையிட, வானவர் பூமாரி பொழிய மறந்து கீழே எட்டிப் பார்க்க, பறந்த அங்கி துவள, பயின்ற இருமல் தொண்டையிலேயே அடங்க, முடி தாழ்த்தி ஏகினான் வெண்ணங்கி வேந்தன் கட்டிலின் தலைமாட்டுக்கு.

டாக்டர் ஸாரி சொன்னார். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.