சிங்கத்துக்குக் குளியல்

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் கைத்தடியை ஓங்கியதும், புது உதவியாளர் பயிற்சியில் சொன்னபடியே இரண்டடி பின்வாங்கினார். கதவை மறைக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

முதியோர் இல்லத்தில் அவருக்கு அது முதல் நாள். மேற்பார்வையாளர் அம்மா காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜன்னலோரக் கட்டில்காரருக்குப் பட்டப்பேரே சிங்கம். குளிக்கக் கூப்பிட்டா அடிப்பாரு. முன்னாடி இருந்தவங்க ஓடியே போயிட்டாங்க. அடி வாங்காம, அதட்டாம குளிக்க வச்சீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா சாயங்காலமே கிளம்பிடுங்க."

கிளம்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. வேலையில்லாமல் திரும்பினால் கதவைத் திறப்பதில்லை என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஐயா, குளிக்கலாமா?"

"நான் குளிச்சாச்சுய்யா!"

மறுத்துப் பேசக் கூடாது என்பது பாடம். "சரிங்கய்யா, குளிச்சாச்சு. இன்னொரு தரம் குளிச்சா இன்னும் சுகமா இருக்குமே."

தலையணை பறந்து வந்தது. பஞ்சுதான், வந்த வேகம் பஞ்சுக்குரியதல்ல.

பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளைத் தாழ்த்தினார். பூனை போலச் சாதுவான முகம். "என் மச்சான்தாங்க. கொஞ்சம் முன்கோபி. நீங்க விட்டுடாதீங்க."

"நீ வாயை மூடுய்யா!" என்று கத்தினார் கட்டில்காரர்.

எதிராளி கத்தினால் நம் குரலைத் தாழ்த்த வேண்டும். உதவியாளர் தாழ்த்தினார்.

"என்னய்யா முணுமுணுக்கிற? திட்டுறியா?"

தம்ளர் வந்தது. கைக்கெட்டும் பொருள்களை அப்புறப்படுத்துவது அடுத்த பாடம். தம்ளர், தடி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வாரி எடுத்தார்.

"திருடன்! திருடன்!"

வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. உதவியாளர் கண்ணில் மூடிய கதவும் மனைவியும் நின்றார்கள்.

"நான் இங்க இருக்கிற ஆளே இல்லய்யா! வீட்டுக்குப் போகணும்!"

மறதிக்காரர்கள் எல்லாரும் சொல்வதுதானே! "போகலாங்கய்யா. குளிச்சிட்டுப் போகலாம்."

"குளிச்சாத்தான் விடுவியா?"

"வேற வழியே இல்ல மச்சான்," என்றார் செய்தித்தாள்காரர்.

"குளிச்சுத் தொலைக்கிறேன்!"

குளியலறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் இல்லத்துச் சட்டையில், சோப்பு வாசனையோடு, பல் கிடுகிடுக்க வந்து உட்கார்ந்தார். உதவியாளருக்கு வேலையே கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

தரை துடைக்க வந்த பணிப்பெண் பெரியவரின் ஈரத்தலையைப் பார்த்தாள். பிறகு செய்தித்தாள்காரரைப் பார்த்து இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏன் சிங்கம், போன வாரம் தம்பி, இந்த வாரம் மச்சானா? பாக்க வர்ற சொந்தக்காரங்களுக்கு எல்லாம் உங்க கட்டிலைக் கொடுத்து, குளிப்பாட்டி அனுப்புறீங்களே, நீங்க எப்பத்தான் குளிப்பீங்க?"