பொன்னுருக்குக்கு வந்த ஜனாதிபதிகள்

தனக்கு வாக்கே இல்லாத தேர்தலில் நாள்தோறும் வாக்களிக்கிற ஒரு வகை மனிதர் லண்டனில் இருக்கிறார். இல்லை என்று தலையாட்டாதீர்கள், இருக்கிறார். தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடைக்குள் போய், வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து, விலையையும் பார்த்து, "எல்லாம் அந்தக் கழுதைக்காரர் ஆண்ட வினை" என்று பெருமூச்சு விடுகிறவர் அவர்தான். கழுதைக்காரர் என்பது அமெரிக்காவில் கழுதைச் சின்னத்தில் வாக்குக் கேட்கிற கட்சி. வெண்டிக்காய் வந்தது இந்தியாவில் இருந்து, விற்பவர் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர், வாங்குகிறவர் லண்டன்காரர். இதற்குள் கழுதை எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தொடங்கிவிடுவார்.

கலாவதிக்கு இந்த வகையில் ஒருவர் வீட்டிலேயே வாய்த்தார். பெயர் யோகராஜா, பெற்றோல் நிலையத்தில் வேலை, நாற்பது வருடமாகக் கணவர். கழுதைக்கு எதிரான யானைச் சின்னக் கட்சியின் ஆள். அமெரிக்காவுக்குப் போனதில்லை, போகிற எண்ணமும் இல்லை, நியூ ஜேர்சியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், அவனோடும் கதை பேச்சு இல்லை. ஆனால் அரிசி மூட்டை விலை ஏறினால், வீட்டுக்கடன் வட்டி ஏறினால், போன மாரியில் போயிலர் நின்றுபோய் வீடே விறைத்தபோதுகூட, குற்றம் கழுதையின் தலையில்தான் விழுந்தது. போயிலரைத் திருத்த வந்த போலந்துக்காரப் பெடியன் பாவம், அரை மணித்தியாலம் நின்று கேட்டான். யானை ஆட்சிக்கு வந்த பிறகும் விலை ஏறியதே? ஏறியதுதான். அது கழுதை போகும்போது விட்டுப்போன எச்சம்.

கலாவதி இதையெல்லாம் மழை மாதிரி எடுத்துக்கொண்டாள். மழைக்கு மறுமொழி சொல்ல ஏலுமா? குடை பிடிக்கலாம். அவளுக்கு இருந்த ஒரே கவலை மூத்தவன் துஷாந்தன். முப்பத்தாறு வயதாகி, நாலு சாதகம் பொருந்தாமல், ஐந்தாவதாகப் பொருந்தியவள்தான் வட லண்டன் எட்மண்டன் கௌசி. ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் கலியாணம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு, அதாவது தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில் எல்லோர் கண் முன்னாலும் உருக்குகிற சடங்கு. அந்த நேரம் தவறினால் ராகுகாலம், அந்த மாதம் தவறினால் புரட்டாதி. புரட்டாதியில் ஆர் கலியாணம் செய்தார்கள்?

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சம்பந்தியும் அதே வகை மனிதர்.

பெண்ணின் தகப்பன் பரராசசிங்கம் கழுதைப் பக்கம். காரணம் கேட்டால் வரலாறு சொல்வார். இலங்கையிலும் யானைச் சின்னத்தில் ஒரு கட்சி கேட்டது, அவருடைய அப்பு கடைசிவரை வாக்குச் சீட்டில் யானைக்குப் புள்ளடி போடவில்லை, ஆகவே தானும் அமெரிக்காவில் யானைக்குப் போடப்போவதில்லை. அவரைப் போடச் சொல்லி அங்கே ஆரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கொள்கை என்றால் கொள்கைதான்.

இந்த நிலையில், பொன்னுருக்குக்குச் சில நாள் முன்னால், அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற இரண்டு வேட்பாளரும் நேருக்கு நேர் நின்று விவாதித்தார்கள். யோகராஜா அதை வேலை இடத்தில், போனில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சத்தம் இல்லாமல் ஆர் வென்றது என்று எப்படித் தெரியும்? தண்ணீர் குடித்தவர் தோற்றவர். கழுதைக்காரர் இரண்டு தரம் குடித்தார், முடிந்தது கதை. பரராசசிங்கம் சத்தத்தோடுதான் பார்த்தார். ஆனால் யானைக்காரர் பேசுகிற நேரமெல்லாம் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விட்டதால், கழுதைக்காரர் ஒருவர்தான் ஒழுங்காகப் பேசினார் என்பது அவருடைய முடிவு.

ஞாயிறு வந்தது. நெருப்புப் புகைக்கு அலறாமல் இருக்க, முகட்டில் இருந்த புகைமணிக்குக் குளிக்கிற தொப்பியை மாட்டிவிட்டாள் கலாவதி. குத்துவிளக்கு, நிறைகுடம், தேங்காய், மஞ்சள், வெற்றிலைத் தட்டு, பலகாரம் எல்லாம் முன்னறையில் தயார். பொன் உருக்கும் பத்தர் கரியையும், பொன்னை இட்டு உருக்குகிற மண் குகையையும் வைத்துவிட்டுச் சம்மணம் கொட்டி இருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு பவுன் காசு. அது யோகராஜாவின் கையில் இருந்தது.

கையில் இருந்ததை அவர் தட்டில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, "இந்தப் பவுன் இண்டைக்கு விக்கிற விலைக்கு ஆர் பொறுப்பு, சம்பந்தி?" என்று கேட்டார்.

"உங்கடை யானைதான். வேறை ஆர்?" என்றார் பரராசசிங்கம்.

அவ்வளவுதான். சோபாவில் இருந்தவர்கள் யானைப் பக்கம் போனார்கள், கதிரையில் இருந்தவர்கள் கழுதைப் பக்கம் போனார்கள், பலகாரத்துக்குக் கிட்ட இருந்தவர்கள் மட்டும் நடுநிலை. டொலர் வந்தது, எண்ணெய் வந்தது, தண்ணீர் குடித்த கதை வந்தது, அப்புவும் புள்ளடியும் வந்தார்கள். யோகராஜா ஒவ்வொரு நியாயத்துக்கும் பவுனை ஒரு தரம் ஆட்டினார்.

"இஞ்சாருங்கோ, நேரம் போகுது. அதைப் பத்தரிட்டைக் குடுங்கோ" என்றாள் கலாவதி.

"குடுக்கிறன். உவர் ஒரு சொல்லு ஒத்துக்கொள்ளட்டும், உடனை குடுக்கிறன்."

"நான் ஏன் ஒத்துக்கொள்ள வேணும்? தண்ணி குடிச்சதுக்கு வெற்றி தோல்வி பாக்கிற வீட்டிலை என்ரை பிள்ளை வாழுமோ எண்டெல்லோ நான் யோசிக்க வேண்டிக்கிடக்கு" என்று எழுந்தார் பரராசசிங்கம். எழுந்தவர் நேரே வாசலுக்குப் போய் ஒரு சப்பாத்தைப் போட்டார். மற்றச் சப்பாத்தைப் போடுவதற்குள் யோகராஜா வாசலுக்கே வந்து இன்னொரு நியாயம் சொன்னார். அதற்கு மறுமொழி சொல்லாமல் போக ஏலுமா? ஒற்றைச் சப்பாத்தோடு நின்று சொன்னார்.

கலாவதி மணிக்கூட்டைப் பார்த்தாள். சுவரோரமாக வேட்டியோடு நின்ற மகனைப் பார்த்தாள். நாலு சாதகம் திரும்பி வந்தபோதும் அவன் இப்படித்தான் ஒதுங்கி நின்றான். பெண்ணின் தாய் அவள் கையைப் பிடித்து, "அக்கா, இவர் ஒருக்கா சப்பாத்துப் போட்டால் கழட்டுறது கஷ்டம்" என்றாள் மெல்ல.

கலாவதி தன் விரலில் இருந்த மோதிரத்தைச் சவர்க்காரம் இல்லாமலே முறுக்கி இழுத்தாள். யோகராஜா கலியாணத்துக்குப் போட்ட மோதிரம். மகனிடம் கொடுத்தாள். பத்தர் தயங்கினார். "புதுப் பவுன் எல்லோ போடுறது, அக்கா?"

"இது நாற்பது வருஷம் உவரோடை இருந்து உருகாத பொன், அண்ணை. நல்ல பொன்தான். நீங்கள் ஊதுங்கோ."

துஷாந்தன் சாமியைக் கும்பிட்டுக் கொடுத்தான், பத்தர் ஊதினார், பெண்ணின் தாய் தேங்காய் உடைத்தாள். ராகுகாலத்துக்கு முன்னமே பொன் உருகி, ஒரு பயற்றங்காய் விதை அளவில் மினுங்கிக்கொண்டு தட்டில் கிடந்தது. வாசலில் இரண்டு பேரும் வட்டி வீதத்தில் நின்றார்கள்.

தட்டு சபையைச் சுற்றி வாசலுக்கு வந்தபோதுதான் இருவர் வாயும் மூடின. பரராசசிங்கம் ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டார். யோகராஜா தட்டில் இருந்த பொன்னைப் பார்த்தார், கையில் இருந்த பவுனைப் பார்த்தார், மனைவியின் வெறும் விரலைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பி, "பாத்தியளே? கழுதை ஆண்டால் ஒரு ஒழுங்கும் இராது" என்றார்.

பரராசசிங்கம் வாய் திறக்குமுன் கலாவதி புருஷனின் கையை விரித்துப் பவுனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது மோதிரத்துக்குப் பதில் எனக்கு. விலை இன்னும் ஏறட்டும். ஆர் ஏத்தினாலும் எனக்குச் சந்தோசம்தான்."

அன்றைய விவாதத்தில் வென்றது அவள்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கலியாணம் ஆவணியிலேயே நடந்தது. சம்பந்திமார் மணவறைக்குப் பக்கத்தில் இருந்து மண்டப வாடகைக்கு ஆர் பொறுப்பு என்று கதைத்தார்கள். ஒரு வருடம் விட்டு வந்த சித்திரையில் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கவுன்சில் தேர்தல் வந்தது. குப்பை எடுப்பதும் வீதி விளக்கும் அந்தக் கவுன்சிலின் பாடு. யோகராஜாவுக்கு வாக்கு இருந்தது. மழை தூறியது, அவர் போகவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பிறகு ஒன்று சொல்லுங்கள். போன தேர்தலில் உங்கள் கவுன்சிலுக்கு வென்றவரின் பெயர் என்ன? தெரியாதா? சரி, போகட்டும். அமெரிக்காவில் தண்ணீர் குடித்தவர் எத்தனை தரம் குடித்தார்?

அது தெரியும், இல்லையா?