சேவைச் சித்தர் விழுங்காத மாத்திரை

மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் இருப்பது நாற்பது நாற்காலி. அன்று காலை வந்திருந்த தலைகளோ நூறுக்கு மேல். டாக்டர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். நர்சுகள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுப்பவர், நோயாளியைப் படுக்கையில் அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்க்க வந்திருந்தார். எல்லாம் சேவைச் சித்தரைத் தரிசிக்கத்தான்.

சித்தர் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். அவர் கணினி ஆலோசகர். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் ஷூ. பதினொரு ஆஸ்பத்திரிகளின் கணினிகளைப் 'பேச வைத்தவர்' என்று பேச்சு. 'சேவைச் சித்தர்' என்று பெயர் கொடுத்தது அந்த ஆஸ்பத்திரி ஊழியர்கள். அவர் மறுக்கவில்லை. இலவசமாக வரும் மகிமையை யார் மறுப்பார்கள்?

அவரை அழைத்து வந்தவர் பதிவேட்டு அதிகாரி. பாவம், மனிதர் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாது. வந்தவுடனே பதிவு மேசையில் சொன்னாள், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் கீழே மருந்தகத்தில் அதே மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு முட்டி, இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தாள். பதிவு மேசைக்கு ஒரு மென்பொருள், டாக்டருக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள். பழி அதிகாரி தலையில் விழுந்தது. முழுகுகிறவனுக்குச் சித்தர் கிடைத்தார்.

சித்தர் ஆறடி நீளப் படம் ஒன்றை மேசைமேல் விரித்தார். கட்டம், அம்பு, கட்டத்துக்குள் கட்டம். யாருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. அதனாலேயே எல்லாருக்கும் பக்தி வந்தது.

"இதுதாங்க நிறுவனக் கட்டமைப்பு. உடம்பு. இதுக்குள்ள ஓட வேண்டியது சேவைக் கட்டமைப்பு. உயிர். உங்க ஆஸ்பத்திரியில உயிர் தூங்கிட்டு இருந்துச்சு."

போன மாதம் வந்தபோது படத்தின்மேல் அவர் பிடித்த சின்னக் கறுப்புப் பெட்டி சிவப்பாக எரிந்ததாம். உடனே தான் கொடுத்த முத்திரைச் சீட்டைக் கணினிக்கு ஒன்றாக ஒட்டச் சொன்னார். முப்பது நாள் யாரும் சந்தேகப்படக் கூடாது, சந்தேகம் இணைப்பை அறுத்துவிடும் என்றார். ஒட்டினார்கள். சந்தேகத்தையும் சேர்த்து ஒட்டி மூடினார்கள். இன்று முப்பத்தோராம் நாள்.

பெட்டியைப் படத்தின்மேல் நகர்த்தினார். பச்சை. கைதட்டல் கூரையைத் தொட்டது. அதிகாரிக்குக் கண் கலங்கியது.

"சார், ஒரு சந்தேகம்."

குரலைக் கேட்டதும் அதிகாரி திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவியின் தங்கை. அதே ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை அவளுடையது.

"சொல்லுங்கம்மா" என்றார் சித்தர், பெரிய மனதோடு.

"உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

"எனக்கா? சல்பா மாத்திரை. ஒண்ணு போட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுடும். ஏன்?"

"சும்மாதான். அத்தான், சாரை இன்னைக்கு நோயாளியாப் பதிவு பண்ணுங்க. சல்பா ஆகாதுன்னு எழுதுங்க. அப்புறம் பெரிய டாக்டர் அதே மாத்திரைக்குச் சீட்டு எழுதட்டும். எல்லாம் இணைஞ்சிருந்தா எங்க மருந்தகக் கணினி தரக் கூடாதுன்னு கத்தும், இல்லையா சார்?"

"கத்தும்" என்றார் சித்தர். வேறு என்ன சொல்வார்?

தலைமை மருத்துவர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். சீட்டை வாங்கிக்கொண்டு அதிகாரியே படியிறங்கினார். பதிவு மேசையில் சித்தரின் பெயரைப் போட்டு, 'சல்பா ஆகாது' என்று தானே தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி. பத்து எட்டு நடந்து மருந்தகம். அங்கே இருந்தவர் சித்தரின் பெயரைத் தட்டினார். ஒத்துக்கொள்ளாத மருந்து: எதுவும் இல்லை. எதுவும் கத்தவில்லை. மாத்திரையை உறையில் போட்டு நீட்டினார்.

அதிகாரி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீங்கிய முகம் ஒன்று அதில் தெரிந்தது போலிருந்தது. உறையை எடுத்துக்கொண்டு திரும்பப் படியேறினார்.

மச்சினி உறையை வாங்கிச் சித்தர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

"போடுங்க சார்."

"என்னம்மா விளையாட்டு? எனக்குத்தான் ஆகாதுன்னு சொன்னேனே."

"அது உங்களுக்குத் தெரியும். எங்க கணினிக்குத் தெரியலையே. ஆனா உங்க பெட்டி பச்சைதான் காட்டுது. பெட்டியை நம்பினா, கணினி தந்த மாத்திரையையும் நம்பணும் இல்லையா?"

சித்தர் பெட்டியைப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்தார். நூறு பேர் அவரைப் பார்த்தார்கள். முப்பது நாள் ஊருக்கெல்லாம் நம்பிக்கை போதித்தவர், உறையைச் சுண்டுவிரலால் தள்ளி வைத்தார்.

அவள் பெட்டியை எடுத்துக் குப்பைக் கூடைமேல் பிடித்து, பக்கவாட்டில் இருந்த பொத்தானைச் சித்தர் அழுத்தியதுபோலவே அழுத்தினாள். பச்சை. தலைமை மருத்துவரின் வழுக்கைமேல் பிடித்தாள். அதுவும் பச்சை. ஆஸ்பத்திரியில் அதைவிட நன்றாக இணைந்தது எதுவுமில்லை போலிருந்தது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்த ரெண்டு கட்டமைப்பும் சுத்தப் பொய்யாம்மா?"

"ரெண்டும் நெசம்தான் அத்தான், இவர் சொன்னதுதான் பொய். முதல் கட்டமைப்பு, ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் ஒரு திட்டம். இங்க என்னென்ன வேலை நடக்குது, யாருக்கு எந்தத் தகவல் வேணும், அது எங்க இருக்குன்னு. ரெண்டாவது, அந்தத் திட்டத்தைக் கட்டுற ஒரு வழி. ஒவ்வொரு வேலையும் ஒரு ஜன்னல். 'இவருக்கு எந்த மருந்து ஆகாது?'ன்னு கேட்டா பதில் சொல்ல ஒரே ஜன்னல். நாங்க, டாக்டர், பதிவு மேசை, எல்லாரும் அங்கதான் கேக்கணும். திட்டம் இல்லாட்டி எங்க ஜன்னல் வைக்கிறதுன்னு தெரியாது. ஜன்னல் வைக்காட்டித் திட்டம் வெறும் காகிதம். உக்காந்து செய்யணும். அவ்வளவுதான்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மாசக் கணக்காகும். அதுவரைக்கும் மருந்து தர்றதுக்கு முன்னாடி நோயாளியை நானே வாய்விட்டுக் கேக்கறேன். அன்னைக்குக் கேட்டிருக்கணும்." அவள் குரல் அந்த ஓர் இடத்தில் மட்டும் இறங்கியது.

சித்தர் படத்தைச் சுருட்டினார். கதவருகே தலைமை மருத்துவர் மறித்தார். "பதினொரு ஆஸ்பத்திரி. ஒருத்தர்கூட இப்படிக் கேக்கலையாய்யா?"

முதல்முறையாகச் சித்தர் உண்மை பேசினார்.

"எல்லா இடத்துலயும் ஒருத்தர் எழுந்து நிப்பாங்க டாக்டர். பக்கத்துல இருக்கறவங்களே கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சிடுவாங்க. எனக்கு அந்த வேலைகூட இருந்ததில்லை."

அப்படி இழுக்கிற கை உங்களுடையதாக இருந்தால், அதை மடக்கி உங்கள் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். உள்ளே யாராவது குடியிருந்தால் பதில் வரும்.